துணியைத் திருப்பிப் பாருங்கள்: இந்தியப் பூத்தையலில் எது எந்த ஊர் வேலை?

உங்கள் கேள்வி இதுதான். மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. இங்கே சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் நாலைந்து கடை ஏறி இறங்கிவிட்டீர்கள். ஒரு கடையில் 'லக்னோ கைவேலை' என்கிறார்கள், அடுத்த கடையில் 'கட்ச் ஒர்க்' என்கிறார்கள், இன்னொரு கடையில் எல்லாவற்றையும் ஒரே பெயரில் 'ஆரி' என்று முடித்துவிடுகிறார்கள். விலையோ ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. எது கைவேலை, எது மெஷின், ஊருக்கு ஊர் என்ன அடையாளம், நம் தமிழ்நாட்டுக்கென்று ஒன்றுமே கிடையாதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கடையில் உங்களுக்குக் காட்டுவது துணியின் முன்பக்கம். நீங்கள் பார்க்க வேண்டியது பின்பக்கம். கையா மெஷினா என்பது மட்டுமல்ல, எந்த ஊர் வேலை என்பதும் பெரும்பாலும் அங்கேதான் தெரியும். இந்தியப் பூத்தையல் (எம்பிராய்டரி) மரபுகளில் பல, பின்பக்கத்தை மனத்தில் வைத்தே உருவானவை. சிலவற்றைப் பின்பக்கமிருந்தே தைப்பார்கள். சிலவற்றில் இரண்டு பக்கமும் ஒன்றுபோலவே இருக்கும். ஒன்றில், உடுத்துபவர்கள் வெளியே காட்டுவதே பின்பக்கத்தைத்தான். அதற்குக் கடைசியில் வருகிறேன், ஏனென்றால் அது நம் தமிழ்நாட்டு வேலை.

முதலில் ஆரி. நீங்கள் வாங்கப்போவது அநேகமாக அதுதான். ஆரி என்பது நுனியில் கொக்கி உள்ள ஊசி. குஜராத்தின் கட்ச் பகுதியில் தோல் வேலை செய்துவந்த மோச்சி சமூகத்தார், தோலில் போட்ட சங்கிலித் தையலைத் துணிக்குக் கொண்டுவந்து அரண்மனைகளுக்குத் தைத்துக் கொடுத்தார்கள். முகலாயர் காலத்தில் குஜராத்தின் சங்கிலித் தையல் துணிகள் கப்பலேறி ஐரோப்பாவுக்குப் போயின. 18ஆம் நூற்றாண்டில் அங்கே 'டாம்பூர்' என்ற பெயரில் இதே கொக்கி ஊசி வேலை பரவியது. தமிழ்நாட்டில் கல்யாண ரவிக்கை என்றாலே ஆரி என்று ஆனது நம் கண்ணெதிரே நடந்த மாற்றம். உங்கள் அம்மாவின் கல்யாணப் படத்தை எடுத்துப் பாருங்கள், புடவைக் கரைக்கு ஏற்ற சாதா பட்டு ரவிக்கைதான் போட்டிருப்பார்.

வேலை நடக்கும் விதம் தெரிந்தால் ஏமாற்றுவது கடினம். மரச்சட்டத்தில் துணியைத் தப்பட்டைத் தோல் போல விறைப்பாக இழுத்துக் கட்டுவார்கள். டிரேசிங் தாளில் வரைந்த கோட்டின் மேல் ஊசியால் நெருக்கமாகத் துளையிட்டு, மண்ணெண்ணெயில் குழைத்த வெள்ளைப் பொடியைத் தேய்த்தால் படம் துணியில் இறங்கிவிடும். பிறகு வலக்கை மேலிருந்து ஊசியைக் குத்தும். இடக்கை துணிக்கு அடியில் நூலைப் பிடித்துக் கொக்கியில் மாட்டிவிடும். ஊசி அந்த நூலைக் கண்ணியாக மேலே இழுத்து, அந்தக் கண்ணிக்குள் நின்றபடியே அடுத்த குத்துக்குப் போகும். அதனால் மேலே சங்கிலி, அடியில் ஒன்றையொன்று தொட்டு ஓடும் நேர்த்தையல். முத்து, சம்கி, குந்தன் கல், சர்தோசிச் சுருள் எல்லாம் இதற்கு மேல் வருகிற அலங்காரம். சர்தோசி என்பது தனி மரபு. உலோகக் கம்பியைச் சுருளாக்கி, துண்டு துண்டாக நறுக்கி, துணியில் பதிக்கிற வேலை அது. லக்னோ, ஆக்ரா, போபால், ஹைதராபாத் என்று பல ஊர்களில் வளர்ந்தது. இன்று ரவிக்கையில் வருவது பெரும்பாலும் பொன்னிறம் பூசிய சாதாரணக் கம்பிதான்.

சங்கிலித் தையலுக்கு ஒரு பலவீனம் உண்டு. கடைசிக் கண்ணியைப் பூட்டாமல் விட்டால், நுனி நூலைப் பிடித்து இழுத்தாலே வரிசை முழுக்கச் சரசரவென்று பிரிந்து வந்துவிடும். ஆகவே ஒவ்வொரு இலை முடிகிற இடத்திலும், ஒவ்வொரு கொடி நிற்கிற இடத்திலும், பின்பக்கம் சின்னதாக ஒரு முடிச்சு இருக்க வேண்டும். லைனிங் வைத்துத் தைத்துவிட்டால் அது தெரியாது. அதனால் தைப்பதற்கு முன்பே, துணி துணியாக இருக்கும்போதே, பின்பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். வேலை தெரிந்தவர் சந்தோஷமாக அனுப்புவார்.

கம்ப்யூட்டர் மெஷினில் போட்டதானால் பின்பக்கத்தின் முகமே வேறு. மேலே பச்சை, சிவப்பு, மஞ்சள் என்று எத்தனை நிறம் இருந்தாலும், அடியில் பாபின் நூல் ஒரே நிறத்தில், பெரும்பாலும் வெள்ளையாக, எல்லா இடத்திலும் ஓடும். துணி சுருங்காமலிருக்க அடியில் வைத்த காகிதம் போன்ற தாளைக் கிழித்தபின் அதன் துணுக்குகள் தையலோரங்களில் ஒட்டிக்கொண்டிருக்கும். வலது கைக் கிளியும் இடது கைக் கிளியும் அச்சில் வார்த்ததுபோல இருக்கும். கைவேலையில் இரண்டு கிளிகளும் அக்கா தங்கை மாதிரி இருக்குமே தவிர, ஒரே கிளியாக இருக்காது. இவை இரண்டுக்கும் நடுவில், கையால் பிடியைத் திருப்பி ஓட்டுகிற சங்கிலித் தையல் மெஷின் ஒன்று உண்டு. அதன் பின்பக்கம் கை ஆரிக்கு மிக அருகில் வரும். அங்கே தையலின் நீளத்தைப் பாருங்கள். வளைவிலும் நேரிலும் துளியும் மாறாமல் ஒரே அளவாக இருந்தால் அது மெஷின்தான். கை ஊசி வளைவில் தானாகவே தையலைச் சிறிதாக்கிக்கொள்ளும்.

இப்போது லக்னோ. சிக்கன்காரியைச் சிங்கப்பூரில் அலுவலகத்துக்கே போட்டுப் போகிறோம், நம் வெயிலுக்கும் புழுக்கத்துக்கும் அவ்வளவு இதம். 2008இல் புவிசார் குறியீடு பெற்றது. படத்தை முதலில் அழியக்கூடிய நீலச் சாயத்தில் மர அச்சு வைத்து அச்சிடுவார்கள், லக்னோவிலும் சுற்றுக் கிராமங்களிலும் பெண்கள் தைப்பார்கள், கடைசியில் சலவையில் நீலம் போய் வெள்ளைப் பூ மட்டும் நிற்கும். முப்பதுக்கு மேல் தையல் வகை சொல்வார்கள். மூன்றைத் தெரிந்துகொண்டால் போதும். முதலாவது பகியா. மெல்லிய துணியின் பின்பக்கத்தில் குறுக்கும் நெடுக்குமாக நூல் ஓட்டுவார்கள். முன்பக்கம் இதழின் இரண்டு ஓரத்திலும் நுண்ணிய புள்ளிக்கோடு மட்டும் தெரியும், நடுவில் பின்னாலுள்ள நூலின் வெண்ணிழல் படர்ந்திருக்கும். இரண்டாவது முர்ரி, அரிசி மணி வடிவில் புடைத்து நிற்கிற முடிச்சு. மூன்றாவது ஜாலி. வலை போன்ற அந்தத் துளைகளுக்காக ஓர் இழையைக்கூட வெட்டுவதில்லை. துணியின் இழைகளை ஊசியால் விலக்கி, விலக்கிய நிலையிலேயே இறுக்கித் தைத்து நிறுத்துகிறார்கள். கடையில் ஜாலி இருக்கும் இடத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். துளையோரத்தில் வெட்டுப்பட்ட பிசிறு தெரிந்தால் அது ஜாலி இல்லை, மெஷின் போட்ட ஓட்டை.

பஞ்சாபின் புல்காரியை முழுக்கப் பின்பக்கமிருந்தே தைக்கிறார்கள். கையால் நெய்த முரட்டுக் கதர், அதன்மேல் முறுக்காத பட்டு நூல். இழைகளை எண்ணி எண்ணிப் பின்பக்கம் ஊசியை ஓட்ட, முன்பக்கம் நீளநீளமாகப் பட்டு விழும். நூலில் முறுக்கு இல்லாததால் விளக்கொளியில் ஒரே நிறம் கிடைமட்டத் தையலில் ஒரு சாயலாகவும் செங்குத்துத் தையலில் இன்னொரு சாயலாகவும் மின்னும். துணியே தெரியாமல் முழுக்க நிரப்பினால் அதற்குப் பாக் என்று பெயர். இங்குள்ள சீக்கியக் கல்யாணத்துக்குப் போயிருந்தால், மணப்பெண் நடந்து வரும்போது தலைக்கு மேல் சகோதரர்கள் நான்கு முனையிலும் பிடித்து வருகிற துணியைப் பார்த்திருப்பீர்கள், பல வீடுகளில் அது புல்காரிதான். 1947 பிரிவினையில் இந்த வேலை செய்த குடும்பங்கள் இரண்டு பக்கமும் சிதறின. அதற்கு முந்தைய பழைய பாக் ஒன்றை நேரில் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

நம் பக்கத்து வீடான கர்நாடகத்தின் கசூதியில் முடிச்சே கிடையாது. தார்வாட் பகுதி வேலை, இல்க்கல் புடவையில் அதிகம் பார்க்கலாம். கவந்தி என்ற தையலில் ஊசி ஒரு வழியாகப் போய், விட்ட இடைவெளிகளை நிரப்பிக்கொண்டே அதே வழியாகத் திரும்பி வரும். போன நூல் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தாக வேண்டும், இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருந்தாக வேண்டும். அப்படி ஒரு கோபுரத்தையோ தேரையோ துளசி மாடத்தையோ வரைவதென்றால் எந்தத் திருப்பத்தில் எந்தக் கிளைக்குப் போய்த் திரும்புவது என்று முன்கூட்டியே மனக்கணக்கு வேண்டும். படம் அச்சிடுவதில்லை, இழை எண்ணுவதுதான். கோலம் போடத் தெரிந்த கைக்கு இது உடனே பிடிபடும் என்பது என் அனுபவம். தைக்கக் கற்றுக்கொள்ள ஆசைப்படும் யாருக்கும் ஆரிக்கு முன் கசூதியைத்தான் சொல்வேன். சட்டம் வேண்டாம், கொக்கி வேண்டாம், ஒரு சாதாரண ஊசியும் எண்ணத்தக்க இழையுள்ள துணியும் போதும்.

'கட்ச் ஒர்க்' என்று ஒரே பெயரில் விற்பதுதான் எனக்கு மனவருத்தம் தருவது. கட்சில் ரபாரி, ஆகிர், ஜாட், முத்வா, மேக்வால், சோடா என்று ஒவ்வொரு சமூகத்துக்கும் ஒவ்வொரு கைப்பழக்கம். தையலைப் பார்த்து, உடுத்தியவள் எந்தக் குலம் என்று அங்கே சொல்லிவிடுவார்கள். ரபாரிப் பெண்கள் சங்கிலித் தையலில் உருவத்தைக் கட்டி, நடுவே கண்ணாடித் துண்டை வைத்து, சுற்றிலும் நூலால் கூடு கட்டிப் பூட்டுவார்கள். கண்ணாடி ஒட்டப்படுவதில்லை, நூல்தான் அதைப் பிடித்து வைத்திருக்கிறது. கடையில் உள்ளது பிளாஸ்டிக் வட்டத்தைப் பசையால் ஒட்டியதா என்று நகத்தால் லேசாகத் தொட்டாலே தெரிந்துவிடும். சோடாப் பெண்களின் சூஃப் வேலை இதற்கு நேர்மாறு. கண்ணாடியின் பளபளப்பெல்லாம் அதிகமில்லை. முக்கோணங்களாலேயே எல்லாம் கட்டப்படும், பின்பக்கமிருந்து இழை எண்ணித் தைப்பார்கள், வரைபடம் ஏதும் இல்லை. 1971 போரை ஒட்டி, பாகிஸ்தானிலுள்ள சிந்து மாகாணத்தின் தார்ப் பகுதியிலிருந்து கட்சுக்கு வந்து குடியேறியவர்கள் அவர்கள்.

கட்ச் வேலை பற்றிப் பேசும்போது ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தேபரியா ரபாரி சமூகத்தின் பெரியவர்கள் 1995இல் தங்கள் பெண்கள் பூத்தையல் போடுவதையும் உடுத்துவதையும் தடை செய்தார்கள். சீர்வரிசைத் துணிகளைத் தைத்து முடிக்கும்வரை பெண் புகுந்த வீட்டுக்குப் போக முடியாமல் ஆண்டுக்கணக்கில் பிறந்த வீட்டிலேயே தங்கிக்கொண்டிருந்ததுதான் காரணம். தடை வந்ததும் பெண்கள் ஓய்ந்துவிடவில்லை. கடையில் கிடைத்த நாடாக்களையும் பளபளப்புக் கரைகளையும் தையல் மெஷினில் வைத்து ஓட்டி ஒரு புதிய பாணியையே உருவாக்கிக்கொண்டார்கள். கைவேலையைப் புகழும்போது அதற்குப் பின்னால் போன பெண்ணின் ஆண்டுகளையும் சேர்த்து நினைக்க வேண்டும். ஷ்ருஜன் போன்ற அமைப்புகள் செய்த நல்ல காரியம், அந்த நேரத்துக்குக் கூலி வரும்படி செய்ததுதான். 1969இல் சந்தாபென் ஷ்ராஃப் தொடங்கியது அது. வறட்சியில் உதவப் போனவர், நிவாரணத்தைவிட வேலையைத்தான் அந்தப் பெண்கள் கேட்டார்கள் என்று கண்டுகொண்டார்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வங்காளத்தின் காந்தா, பழைய புடவைகளை அடுக்கி ஓட்டுத் தையலால் இணைத்த போர்வையில் பிறந்தது. கரையிலிருந்து உருவிய நூலிலேயே தைத்தார்கள். இன்று புதுப் பட்டில் போட்டு வருகிறது, அதில் தையல்களுக்கு நடுவே துணி லேசாக அலையலையாகச் சுருங்கியிருந்தால் நல்ல அறிகுறி. காஷ்மீரின் சோஸ்னி, சால்வையில் எறும்பு ஊர்வதுபோல நுணுக்கமானது. கானி சால்வை என்பது நெசவு, தையல் அல்ல. இமாசலத்தின் சம்பா ருமாலில் சிற்றோவியம் வரைபவர்கள் கோடு போட்டுக் கொடுக்க, பெண்கள் இரண்டு பக்கமும் ஒரே படம் வரும்படி தைத்தார்கள்.

இனி நம் ஊர். நீலகிரியின் தோடர் பூத்தையல், புகூர் என்பார்கள், 2013இல் புவிசார் குறியீடு பெற்றது. வெளுக்காத முரட்டு வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பும் கறுப்புமாக நூல். சட்டம் இல்லை, வரைபடம் இல்லை, மாதிரிப் புத்தகம் இல்லை. பெண்கள் துணியை விரலால் மடித்துப் பிடித்து இழைகளை எண்ணியபடி பின்பக்கமிருந்து தைக்கிறார்கள். நெருக்கம் எவ்வளவு என்றால், முதலில் பார்ப்பவர்கள் இதை நெய்த கரை என்றே நினைப்பார்கள். ஊசி திரும்பும் இடங்களில் நூலை முழுக்க இறுக்காமல் சிறு வளையமாக விடுவதால், வேலை முடிந்த பகுதி தடிப்பாக, விரல் நுனிக்குப் புடைப்பாகத் தெரியும். அந்தப் புடைப்பான சொரசொரப்புப் பக்கத்தைத்தான் தோடர்கள் வெளியே காட்டி உடுத்துகிறார்கள். பூத்துக்குளி என்ற அந்தப் பெரிய போர்வையை ஆணும் பெண்ணும் போர்த்திக்கொள்வார்கள். விழாவுக்கும் அதுதான், இறந்தவரைப் போர்த்தி அனுப்புவதும் அதில்தான். எருமைக் கொம்பு, மலைமுகடு, பூ என்று உருவங்கள் அவர்கள் வாழும் இடத்திலிருந்தே வருகின்றன. ஊட்டியில் சுற்றுலாக் கடைகளில் இதே சிவப்பு கறுப்பு வடிவத்தை அச்சிட்டும் மெஷினில் போட்டும் விற்கிறார்கள். விரலால் தடவிப் பாருங்கள், தட்டையாக இருந்தால் வாங்காதீர்கள்.

தருமபுரி மாவட்டம் சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கில் லம்பாடிப் பெண்கள் தைக்கிறார்கள். ஒரு காலத்தில் அங்கே ஓரிரு மூத்த பெண்களுக்கு மட்டுமே தையல் நினைவிருந்தது. அவர்களிடம் இளையவர்கள் கற்றுக்கொண்டு 'போர்கை' என்ற பெயரில் சேர்ந்து இன்று தொழிலாக நடத்துகிறார்கள். தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் வண்ணத் துணியை வெட்டி ஒட்டுத் தையல் போட்டுச் செய்யும் தொம்பைகளும் நம் சொத்துதான், தேரில் உருளையாகத் தொங்குமே, அவை. ஆக, தமிழ்நாட்டுக்கென்று ஒன்றுமில்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கல்யாண ரவிக்கைச் சந்தையில் அவை தெரிவதில்லை, அவ்வளவுதான்.

மெஷின் என்றாலே மட்டம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சிங்கப்பூரில் இருந்துகொண்டு அப்படிச் சொல்ல முடியாது. இங்கேயே வேரூன்றிய கலப்பு மரபினரான பெரானாக்கான் பெண்கள் உடுத்தும் கெபாயா என்ற மேற்சட்டையின் அந்த நுண்ணிய பூ வேலையும் துளை வேலையும் தையல் மெஷினில், துணியைக் கையால் நகர்த்தி நகர்த்திப் போட்டவை. ஊசியை மின்சாரமோ கால் மிதியோ ஓட்டுகிறது, கோட்டை ஓட்டுவது கை. 2024இல் கெபாயா யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் சேர்ந்தது, சிங்கப்பூரும் மலேசியா, இந்தோனேசியா, புருணை, தாய்லாந்தும் சேர்ந்து விண்ணப்பித்தன. அதை உடுத்துபவர்களில் நம்மவர்களும் உண்டு. மலாக்காச் செட்டிகள் தமிழ் வணிகர்களின் வழி வந்தவர்கள்தானே. கேம்பல் லேனில் உள்ள இந்திய மரபுடைமை நிலையம் 2018இல் அவர்களைப் பற்றி ஒரு கண்காட்சியே நடத்தியது. ஆர்மீனியன் ஸ்திரீட்டின் பெரானாக்கான் அரும்பொருளகத்துக்கு மகளையும் அழைத்துப் போங்கள், நல்ல தையலைக் கண் பழகிக்கொண்டால் கடையில் தடுமாற்றம் இருக்காது. என் கோபமெல்லாம் மெஷின் மேல் இல்லை, மெஷின் வேலையைக் கைவேலை என்று சொல்லிக் கைவேலை விலை வாங்குவதன் மேல்தான். அந்தக் காசு தைத்தவருக்குப் போய்ச் சேருவதில்லை.

உங்கள் மகளுக்கு என்ன செய்யலாம்? முகூர்த்தத்துக்கு, கரையையும் உடலையும் தறியிலேயே கோத்து நெய்யும் காஞ்சிபுரம் கோர்வைப் புடவை என்றால், அந்தக் கரையே பெரிய வேலை. அதோடு போட்டி போடுகிற மாதிரி முழங்கை வரை கல்லும் முத்தும் நிரப்ப வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. கழுத்திலும் கை ஓரத்திலும் பட்டு நூலில் நெருக்கமான சங்கிலித் தையலும் கொஞ்சம் ஜரிகையும் போதும். நிரப்பிய ரவிக்கையின் எடை மணவறையில் இரண்டு மணி நேரம் உட்காரும்போது தோளில் தெரியும். மாலை வரவேற்புக்கு, மகள் ஒப்புக்கொண்டால், ஒரு நல்ல புல்காரித் துப்பட்டாவோ ஜாலி நிறைந்த சிக்கன் உடையோ வாங்குங்கள். ரவிக்கை ஒரு நாளோடு பெட்டிக்குள் போய்விடும், இவை பல வருடம் உடுத்தப்படும்.

சென்னையிலோ மதுரையிலோ கொடுத்துப் போடச் சொல்வதானால், பழைய அளவு ரவிக்கை மட்டும் அனுப்பினால் போதாது. ஆரி வேலை தைப்பதற்கு முன்பே துணியில் ஏறிவிடுகிறது. தையல் கோட்டின் மேல் முத்து வந்துவிட்டால் பிறகு பிரித்துப் பெரிதாக்க வழியில்லை. மகளின் கைச்சுற்றளவு, கழுத்து இறக்கம், தோள் அகலம் மூன்றையும் புதிதாக அளந்து எழுதி அனுப்புங்கள். பக்கத் தையலில் இரண்டு அங்குலம் உள்ளே விடச் சொல்லுங்கள், அந்த இரண்டு அங்குலத்தில் வேலை வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள். தைப்பதை இங்கேயே தேக்கா சென்டர் மாடியில் உள்ள தையல்காரர்களிடம் கொடுத்தால், மகளை நேரில் நிறுத்தி அளவு பார்த்துக்கொள்ளலாம்.

கடைசியாக, இங்குள்ள ஈரப்பதம். ஜரிகைக்கும் உலோகச் சுருளுக்கும் அதுதான் எதிரி. வாங்கிய பிளாஸ்டிக் உறையிலேயே வைத்தால் உள்ளே ஈரம் அடைபட்டுக் கறுத்துவிடும். பழைய மெல்லிய பருத்தி வேட்டியில் சுற்றி வையுங்கள். ரவிக்கையை ஹேங்கரில் தொங்கவிடாதீர்கள், முத்தின் எடை கழுத்துத் துணியை இழுத்துவிடும். வேலை உள்பக்கமாக வரும்படி மடித்து, நடுவே ஒரு மெல்லிய துணி வைத்து, அலமாரியில் ஈரம் உறிஞ்சும் பெட்டி ஒன்று போடுங்கள். பாச்சை உருண்டை ஜரிகைக்கு ஆகாது. வாசனைத் திரவியத்தை ரவிக்கை போட்ட பிறகு அடிக்கக் கூடாது, முன்பே அடித்துக் காய விடச் சொல்லுங்கள். சில மாதத்துக்கு ஒருமுறை எடுத்து மின்விசிறிக் காற்றில் ஆறவிட்டு, பழைய மடிப்பை மாற்றி மடித்து வைத்தால் போதும்.